கடுகுப் போத்தலின் மூடி

வெள்ளைக்காரன் சீனன்குடா முகாமில் விட்டுப்போன பழைய இரும்பை வாங்கி விற்பது காக்கா என்று நான் கூப்பிடும் என் அண்ணனின் தொழில். ஒருமுறை அந்தச் சாமான்களோடு உள்ளங்கையளவு தடித்த கண்ணாடி வட்டம் ஒன்றும் கிண்ணியாவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. முகாமில் படம் காட்டும் இயந்திரத்தில் இருந்ததாம். விளிம்பு உடைந்திருந்தது.

"இது ஒண்டுக்கும் உதவாது, வீசு" என்றார் காக்கா.

கடுகுப் போத்தலின் மூடி தொலைந்திருந்ததால், நான் அதைக் கழுவிப் போத்தலின் மேல் வைத்தேன்.

அப்போது உம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. மூக்குக்கண்ணாடியை மாற்றியும் பயனில்லை. வயதுக் கண், இனி இவ்வளவுதான் என்று எல்லோரும் கைவிட்டிருந்தோம், நானும்தான். நோன்பு மாதத்தில் குர்ஆனை முழுதாக ஓதி முடிக்காத வருடம் உம்மாவுக்கு இருந்ததில்லை. அந்த வருடம் நோன்பு தொடங்கியும் முதல் பக்கமே நகரவில்லை.

"பாதிக்கு மேல மனப்பாடம்தானே உம்மா, பாக்காம ஓதுங்களன்" என்றேன்.

"புள்ளி தெரியாம ஓத ஏலாது மகள். ஒரு புள்ளி மாறினா எழுத்தே மாறிப்போகும்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு பின்னேரம் குசினிக்குள்ளிருந்து உம்மாவின் சத்தம் கேட்டது.

"கடுகுப் போத்தலுக்குள்ள மிளகைக் கொட்டினது ஆரு? புத்தி எங்க மேயுது உனக்கு?"

ஓடிப்போய் மூடியை எடுத்துக் காட்டினேன். உம்மா விரலால் கிள்ளிப் பார்த்தார், கடுகு. மூடியை வைத்துக் குனிந்து பார்த்தார், மிளகு.

உம்மா கண்ணாடியைச் சீலைத் தலைப்பால் துடைத்தார். கைகால் முகம் கழுவி ஒளு எடுத்து வந்து குர்ஆனுக்கு மேலே அதைப் பிடித்தார். புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழும்பி வந்தன. பிள்ளை நடை பழகுவதுபோல் சொல்சொல்லாக ஓதினார். நோன்பு திறக்கப் பள்ளியில் பாங்கு சொல்லும் வரை நிறுத்தவேயில்லை. அந்த நோன்பிலும் முழுதாக ஓதி முடித்தார். அவர் இருந்த காலமெல்லாம் அந்தக் கண்ணாடி குர்ஆனோடுதான் இருந்தது.

அன்று நோன்பு திறந்த பிறகு, என் தாடையைப் பிடித்து அருகே இழுத்தார். கண்ணாடியை என் முகத்துக்கு முன்னே பிடித்து, நெற்றி, மூக்கு, வாய் என்று மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கண் நிறைந்துவிட்டது.

"உன்ட வாப்பா மௌத்தாகிப் போய் எவ்வளவு காலம்? அவர்ர முகம் உன்னில இருக்கிறதை ஒருத்தரும் எனக்குச் சொல்லல்லையே மகள்."