ஸ்டெல்லா அக்கா வீட்டுக் குடில் சட்டை

பொம்மைகளின் பழைய கிறிஸ்துமஸ் உடைகளை நான் சேகரிப்பது உங்களுக்குத் தெரியும்.

இன்று தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் ஸ்டெல்லா அக்கா, குடிலில் குழந்தை இயேசுவுக்குப் போடும் சட்டையைக் காட்டினார். "சுரங்கம் தோண்ட வந்தப்பவே எங்காளுங்க தச்சதும்மா."

புரட்டிப் பார்த்தேன். அவருடைய புது மருமகள் பக்கத்தில் நிற்கும்போதே, "இது நைலான் நூல். அவ்வளவு பழசெல்லாம் இல்லை" என்றேன்.

மருமகள் சிரித்தாள். "இன்னா அத்தே, இத்தினி நாளா கதை வுட்டீங்களா?"

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "வருஷா வருஷம் போடுறோம், கிழியுதும்மா. கை எங்கம்மா தச்சது, ஓரம் நான் தச்சது. கழுத்துதான் அந்தக் காலத்துது."

கழுத்தை நான் பார்க்கவே இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். அக்கா டீ கொடுத்தார். சட்டையை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

படித்த திமிரில் இப்படி வாயை விட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். இன்று எனக்குத் துணை வேண்டும்.