சின்னம்மா கொண்டுபோன பிரேக் பேட்

சத்தத்தைக் கேட்டே வண்டிக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று பிரதான வீதியில் எனக்கு இரண்டு கராஜ். ஓட்டமாவடியிலிருந்துகூட என்னைத் தேடி லொறி வருகிறது. தற்பெருமைதான், ஆனால் பொய்யில்லை.

என் கராஜில் ஒரு சட்டம் உண்டு. கழற்றிய பழைய சாமானைச் சொந்தக்காரர் கையில் கொடுத்துக் காட்டாமல் வண்டி வெளியே போகாது. அது அப்பாவின் சட்டம். எங்கள் வீட்டு முற்றத்து வேப்பமரத்தடிதான் அவருடைய கராஜ். அந்தச் சட்டத்தை வைத்தே அவர் ஒருமுறை ஒரு பொய்யும் சொன்னார்.

சுனாமியில் கடல் வந்துபோன அடுத்த மாதம். தன்னாமுனையில் எங்கள் வளவு நிறையச் சனம். பள்ளிக்கூடத்திலும் சனம் தங்கியிருந்ததால் எனக்குப் பாடம் இல்லை. அந்தத் துக்கத்துக்குள்ளும் எனக்கு அது சந்தோசமாகத்தான் இருந்தது. நாள் முழுவதும் அப்பாவோடு ஸ்பானர் பிடிக்கலாமே.

அம்மாவின் அண்ணனான மாமாவும், அம்மாவின் தங்கை சின்னம்மாவின் புருசனான சின்னப்பாவும் கடற்கரையில் பக்கத்துப் பக்கத்து வளவில் இருந்தார்கள். கடல் வந்த அன்று சின்னம்மா எங்கள் வீட்டில் நின்றார். காய்ச்சலாய்க் கிடந்த அம்மாவைப் பார்க்க முதல் நாளே வந்திருந்தார். மாமா ஹயர் ஓட்டும் தன் வாடகைக் காரில் மாமியையும் பிள்ளைகளையும், வழியில் கிடைத்த பிள்ளைகளையும் அடைத்துக்கொண்டு தப்பி வந்தார். வருகிற வழியில், சந்தியில், சின்னப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றார். கார் நிற்கவில்லை. பின்னால் தண்ணீர் வந்தது.

பனையில் ஏறித் தப்பிய ஒருவர் அதைப் பார்த்திருந்தார். அவர் சொன்னது சின்னம்மாவின் காதுக்கும் வந்தது, சின்னப்பாவின் தம்பிமார் காதுக்கும் போனது. அவர்கள் மாமாவைத் தேடி வரப்போவதாகக் கதை. அந்த நாளில் எங்கள் பக்கம் ஒருவரைத் தேடி வருகிறார்கள் என்றால், வெறுங்கையோடு வரமாட்டார்கள்.

"மிதிச்சன் புள்ள. புடிக்கல்ல. பிரேக் தேஞ்சு கிடந்தது," என்றார் மாமா சின்னம்மாவிடம்.

சின்னம்மா அழவில்லை. அப்பாவிடம் திரும்பி, "அத்தான், கழட்டிப் பாருங்க. கழட்டினதை என்ட கையில தாங்க," என்றார். சொல்லிவிட்டு, இன்னும் படுக்கையை விட்டு எழும்பாத அம்மாவுக்குக் கஞ்சி வைக்கக் குசினிக்குள் போய்விட்டார்.

மாமா புதுப் பிரேக் பேட் ஒரு சோடி வாங்கி வந்திருந்தார். அப்பா ஜக் வைத்துக் காரைத் தூக்கினார். சில்லைக் கழற்றினது நான். பேட்டைப் பிடித்திருக்கும் கலிப்பரின் ஆணிகளை இளக்கினதும் நான்தான். பதின்மூன்று வயதில் அது சும்மா வேலையில்லை. பேட் இரண்டையும் வெளியே இழுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். என் சுண்டுவிரல் தடிப்பு இருந்தது. இன்னும் ஒரு வருசம் ஓடலாம்.

"அப்பா, இது தேயவே இல்ல! மாமாவுக்கு ஒண்டும் தெரியா—"

சொல்லி முடிக்கவில்லை, கன்னத்தில் விழுந்தது. அப்பா அதற்கு முன் என்னை அடித்ததே இல்லை. மாமா தன் காரின் நிழலில் குந்தியிருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொத்து வாய. கிணத்தடிக்குப் போய் இதைத் தேய்," என்றார் அப்பா.

"ஏன் அப்பா?"

"தேய்டா எண்டா தேய்."

கிணற்றுக் கட்டின் சொரசொரப்பான சீமெந்தில் வைத்துத் தேய்த்தேன். நல்ல பேட் சும்மா தேயாது. விரல் முட்டிகள் உரசித் தோல் போய் இரத்தம் வந்தது. கை சோர்ந்தபோது அப்பா வாங்கித் தேய்த்தார், மறுகா நான். சொந்தமாக நான் கண்டுபிடித்த முதல் உண்மை அது. அதை நானே தேய்க்க வேண்டியிருந்தது. அப்பாவின்மேல் வந்த கோபத்தில் இன்னும் வேகமாகத் தேய்த்தேன்.

அடியிலிருக்கும் இரும்புத் தகடு தெரியும் அளவுக்கு வந்ததும் அப்பா ஒன்றைக் கொண்டுபோய்ச் சின்னம்மாவின் கையில் வைத்தார்.

"பாருங்க மச்சாள். இதால எப்பிடிப் புடிக்கும்?"

சின்னம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருவிரலால் ஒருமுறை தடவினார். விரலைப் பார்த்தார். பிறகு சீலைத் தலைப்பால் அந்தப் பேட்டைச் சுற்றிவரத் துடைத்தார், பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோல.

"ஓம். தேஞ்சுதான் போயிற்று. இதை நான் கொண்டுபோறன். அவர்ட தம்பிமாருக்குக் காட்டவேணும்."

போகும்போது என் கையைக் கண்டுவிட்டார்.

"என்ன மனே இது?"

"நட்டுக் கழட்டக்குள்ள பட்டது, சின்னம்மா."

அவர் போத்தலில் இருந்த தேங்காயெண்ணெயை எடுத்து ஒவ்வொரு முட்டியாகத் தடவிவிட்டார். பெரிய ஆக்களை ஏமாற்றுவது இவ்வளவு இலேசா என்று எனக்குள் சிரிப்பு வந்தது. அடி வாங்கினது மறந்தே போயிற்று.

சின்னப்பாவின் தம்பிமார் வரவில்லை. சின்னம்மா அந்தப் பேட்டைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்து, பிழை காரில்தான், அண்ணனில் இல்லை என்று சொன்னாராம். ஆனால் அன்றிலிருந்து மாமாவோடு அவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. மாமா முற்றத்துக்கு வந்தால் சின்னம்மா குசினிக்குள் போய்விடுவார். மாமா அந்தக் காரை விற்றார். ஹயர் ஓட்டுவதையும் விட்டார். சண்டை முடிந்த வருசம் வருத்தம் வந்து படுக்கையில் கிடந்து செத்தார். சின்னம்மா செத்தவீட்டுக்கு வந்து கால்மாட்டில் நின்றார், வாய் திறக்கவில்லை.

தொழில் சரியாகப் பிடிபடும்வரைக்கும் எனக்குச் சின்னம்மாமேல் ஒரு குறை இருந்தது. பிரேக்கில்தான் பிழை என்று நம்பினவர், பிறகு ஏன் சொந்த அண்ணனோடு இத்தனை வருசம் கோபமாக இருந்தார் என்று.

இப்போது கராஜில் பொடியன்களுக்கு நான் முதலில் காட்டுவது தூளைத்தான். தேய்ந்த பிரேக்கின் தூள் கறுப்பு. தொட்டால் இலேசில் போகாது. அன்று சின்னம்மாவின் பெருவிரலில் ஒட்டியிருந்தது வெள்ளை, கிணற்றுக் கட்டின் சீமெந்துத் தூள். அதைத்தான் அவர், சின்னப்பாவின் தம்பிமாரிடம் கொண்டுபோக முன்னர், சீலைத் தலைப்பால் துடைத்தார்.