கோல்கீப்பரின் ராணி வேஷம்

பஸ்ஸுக்காகக் காத்து நிற்பது அந்த வயதில் எனக்கு முடியாத காரியம். ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்திலேயே நிறுத்தம் இருந்தது. ஐந்து நிமிடத்தில் வண்டி வரவில்லை என்றால் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்துவிடுவேன். நடுவழியில் பஸ் என்னைத் தாண்டிப் போய்விடும். பிறகு அதற்கடுத்த நிறுத்தம். ஒரு நாள் பூந்தமல்லி ரோட்டில் பாதி தூரம் நடந்தே கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தேன். "காலுல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்பாள் அம்மா. அப்பா ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். சங்கு ஊதிய பிறகு ஒரு நாளும் உள்ளே போனவரில்லை. அவருக்கு இப்படி ஒரு பெண்.

எண்பதுகளின் கடைசி அது. பையன்கள் மட்டுமே படித்த கல்லூரியில் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்திருந்தார்கள். நான் சேர்ந்ததுதான் முதல் வருஷம். எல்லா வகுப்புப் பெண்களையும் சேர்த்தாலும் ஒரு பஸ்ஸில் அடங்கிவிடுவோம்.

கல்லூரிக்குப் பெருமை இரண்டு: ஆண்டுவிழா நாடகம், கால்பந்து டீம். இரண்டுக்கும் இடம் ஒன்றுதான். மைதானத்தின் ஓரத்தில் கூரையில்லாத சிமெண்ட் மேடை. ஒத்திகை நடக்கும்போது பந்து மேடையில் வந்து விழும். ராஜா வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டு உதைத்து அனுப்புவார். நாடகத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் ஒரு மாட்ச் உண்டு. நாடகக்காரர்கள் வேஷத்தோடு ஆட வேண்டும். கால்பந்துக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டாமல் ஆட வேண்டும். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. வாத்தியார்கள்கூட நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள்.

பெண் வேஷம் எப்போதும் பையனுக்குத்தான். நான் சேர்ந்த வருஷம் ராணியாக நடித்தவர் கல்லூரி கோல்கீப்பர், எனக்கு ஒரு வருஷம் மேலே. அயனம்பாக்கத்துக்காரர். அவர் குடும்பத்தில் அப்பாதான் வயல் கூலி வேலையை விட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போன முதல் ஆள். ஆறடி உயரம், முறம் மாதிரி கை. சேலையில் அவர் மேடைக்கு வந்ததும் விசில் பறந்தது. புருஷன் போரில் செத்த சேதியைக் கேட்டுவிட்டு, அந்த ராணி மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து போய்ச் சிம்மாசனத்தில் உட்கார வேண்டும். அந்த இடத்தில் வசனம் கிடையாது. அவர் நடந்து முடிப்பதற்குள் மைதானமே அடங்கிவிட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் எரிச்சல். நான் இங்கே உட்கார்ந்திருக்கும்போது அவர் எதற்கு அங்கே?

அடுத்த வருஷம் அதே நாடகத்தை மறுபடி போடுவதாகப் பேச்சு வந்தது. நாடகம் எழுதிய தமிழையாவிடம் நேரே போய் நின்றேன்.

"பொண்ணு வேஷத்துக்குப் பொண்ணு இருக்கும்போது எதுக்குங்கையா ஆம்பளை?"

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வீட்ல ஒத்துக்குவாங்களா?"

அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றார். அப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும்?" என்று மட்டும் கேட்டார். ஐந்தரை என்றேன். போட்டுக் கொடுத்தார்.

கோல்கீப்பருக்கு மைதானத்திலேயே சேதி சொல்லப்பட்டது. "சரிங்கையா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் கம்பங்களுக்கு நடுவில் நின்றுகொண்டாராம். அன்றைக்குக் கைக்கு நேரே வந்த பந்தெல்லாம் உள்ளே போனதாகப் பையன்கள் சொன்னார்கள்.

வேஷம் கிடைத்துவிட்டது, நடைதான் வரவில்லை. மூன்றே எட்டில் சிம்மாசனத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். "ராணி ஏம்மா பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி ஓடுறா? புருஷன் செத்திருக்கான்மா" என்று ஐயா தலையில் கைவைத்துக்கொண்டார். மெதுவாக நடக்கப் பார்த்தால் அடுத்த எட்டு தானாக நீண்டுவிடும். நின்றால் உடம்பெல்லாம் எறும்பு ஊறுவது போல இருந்தது.

ஒரு நாள் பிராக்டிஸ் முடிந்ததும் கோல் கம்பத்துக்குப் பின்னால் அவரைப் பிடித்தேன்.

"அண்ணே, அந்த நடை எப்படி நடந்தீங்க?"

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "இன்னாத்துக்கு?"

"எனக்கு வரமாட்டேங்குது."

"உனுக்கு வரலன்னா நான் இன்னா பண்றது? எங்க ஊட்டாண்ட ஏரிக்கரை மேல மூணு மாசம் நடந்து நடந்து புட்ச்ச நடை அது. கேட்டவொடனே தூக்கிக் குட்த்துட முடியுமா?" கையுறையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பொண்ணாப் பொறந்தா அது தானா வரும்னு தானே எட்த்துகின?"

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் ஆவடி வரை படியோரமே நின்றுகொண்டு வந்தேன்.

மாட்ச் நாள் வந்தது. அம்மாவின் கூறைப்பட்டு, தலையில் தகரக் கிரீடம். "நீ உக்காரும்மா, அடி கிடி படப் போவுது" என்றார் மந்திரி வேஷக்காரர். நாடகக்காரர்கள் எல்லோரும் ஆட வேண்டும் என்பதுதானே வழக்கம் என்றேன். உள்ளே தம்பியின் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, கிரீடத்தைக் கழற்றித் தமிழையா மடியில் வைத்துவிட்டு இறங்கினேன்.

போன வருஷ மாட்சில் நாடகக்காரர்கள் பக்கம் சேலையோடு கோலில் நின்ற கோல்கீப்பர், முதல் தடவையாக எதிர்ப்பக்கம் வேட்டியில் நின்றார்.

வயதுக்கு வந்த பிறகு நான் ஆட்கள் முன்னால் ஓடியதே இல்லை. பஸ்ஸுக்கு வேகமாக நடப்பேன், அவ்வளவுதான். அன்றைக்கு ஓடினேன். ராஜாவின் ஒட்டு மீசை ஒரு பக்கம் தொங்கியது. தளபதி தன் வாளிலேயே தடுக்கி விழுந்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. காதில் காற்று மட்டும் கேட்டது. வேட்டி தடுக்கிய ஒருவரிடமிருந்து பந்து உருண்டு வந்தது. நிறுத்தத் தெரியாது, ஓடிய வேகத்திலேயே உதைத்தேன். நல்ல உதை. கோல்கீப்பர் வேட்டியோடு பக்கவாட்டில் பாய்ந்து விரல் நுனியால் தட்டிவிட்டார்.

மண்ணில் கிடந்தபடியே என்னைப் பார்த்தார். "இப்டி ஓட்றவ அங்க மேடை மேல இன்னாத்துக்கு நின்னுகினு கீற?"

மறுநாள் நாடகம். ஒரு வசனம்கூட மறக்கவில்லை. அந்த நடையும் எப்படியோ நடந்து முடிந்தது, கொஞ்சம் அவசரமாக. கைதட்டல் வந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் "பழைய ராணி எங்கடா?" என்று கத்தியது, சிரிப்பும் வந்தது. முன்வரிசையில் அப்பா மடியில் கைகளைக் கோர்த்து, தொழிற்சாலை விழாவில் உட்காருவது போல நேராக உட்கார்ந்திருந்தார். மேடையோரம் மூங்கில் கம்பத்தைப் பிடித்தபடி கோல்கீப்பர் நின்றிருந்தார். நான் பேசப் பேச அவர் உதடும் அசைந்தது. கடைசிக் காட்சிக்கு முன்னால் அங்கே அவர் இல்லை.

விழா முடிந்த வாரம் இரண்டு பேரிடம் போனேன். முதலில் விளையாட்டு ஆசிரியரிடம். "பொண்ணுங்களுக்கு ஃபுட்பால் டீம் இல்லம்மா. வளையம் எறியுற ஆட்டம் இருக்கு, ஆடுறியா?" என்றார்.

அடுத்து தமிழையாவிடம். பல்கலைக்கழக நாடகப் போட்டி வரப்போகிறது, ராணி வேஷத்தைக் கோல்கீப்பருக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"இனிமே முடியாதும்மா. பொண்ணுங்க படிக்கிற காலேஜ்ல ஆம்பளைக்குச் சேலை கட்டிவிட்டா ஊரே சிரிக்கும். நீதானே வந்து கேட்டே?"

அவர் குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அந்த அறையை விட்டு வெளியே வந்து மைதானத்தை எத்தனை சுற்று சுற்றினேன் என்று தெரியாது. எனக்கு வேண்டாத ஒன்றைக் கோல்கீப்பரிடமிருந்து பிடுங்கியிருந்தேன். அதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

பூந்தமல்லி பஸ் நிலையத்தில் அவரிடம் இதைச் சொன்னேன். 

"வுடு" என்றார். பிறகு, "ராஜா வேஷம் தரேன்னாரு ஐயா. அதுல கைய எங்க வெக்கறதுன்னே தெரியல எனுக்கு. சேலைல அது தானா தெரிஞ்சுது" என்றார். அவர் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

போட்டிக்கு நான் போகவில்லை. முதல் வருஷத்துப் பெண் ஒருத்தி ராணியானாள். என்னைவிட நன்றாகச் செய்தாள், அவளுக்கு நிற்கத் தெரிந்தது.

தொண்ணூறுகளில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் டைப்பிஸ்ட். அது மூன்றாவது வேலையோ நான்காவதோ. பக்கத்துக் கம்பெனி ஆயுத பூஜைக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பொரியும் சுண்டலும் கொடுத்த பிறகு தொழிலாளர்கள் ஒரு சிரிப்பு நாடகம் போட்டார்கள். சேலை கட்டிக்கொண்டு மாமியாராக வந்தவர் எங்கள் கோல்கீப்பர்தான். ஆள் கொஞ்சம் பருத்திருந்தார். வந்து நின்றதுமே சிரிப்பு. இருமினால் சிரிப்பு, உட்கார்ந்தால் சிரிப்பு. அதற்காகவே எழுதிய வேஷம் அது. நடுவில், காய்ச்சலில் கிடக்கும் மருமகளின் நெற்றியில் கை வைத்துப் பார்க்கும் இடம் ஒன்று. சிரிப்பு நின்றது. என் பக்கத்திலிருந்த சூப்பர்வைசர் அள்ளிய பொரியை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். ஒரு நிமிடம்கூட இருக்காது. மருமகள் தும்மினாள், மறுபடி எல்லோரும் சிரித்தார்கள்.

உட்கார முடியாமல் எழுந்து ஷெட்டுக்குப் பின்னால் போனேன். அவர் துண்டால் பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, இடுப்பில் குழந்தை. என்னைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க காலேஜு இவங்க" என்றார் மனைவியிடம். "என் வேஷத்தப் புட்ங்கிகினவங்கோ."

அந்த அம்மா சிரிக்கவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தாள்.

"அது நீங்கதானா?" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.