ஊருக்கு ஒரே தந்தி

சங்கரன்கோவில் தந்தி ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், ஆடித்தபசு அன்று நடந்தது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அந்த ஆபீஸில் தந்தி அடித்த முதல் பெண்ணும் நான்தான்.

மத்தியானம், திருவிழாவுக்கு வந்த பஸ் ஒன்று கவிழ்ந்துவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. எந்த பஸ் என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் பதறுவார்களே என்று வெளியூர்க்காரர்கள் அத்தனை பேரும் 'சௌக்கியம்' என்று தந்தி கொடுக்க வந்துவிட்டார்கள்.

எங்களுக்கு இருந்தது திருநெல்வேலிக்கு ஒரே லைன். நான் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும், எதிர்முனையில் கேட்டு எழுதுகிறவருக்கு எழுத ஒரு கைதானே? 'பொறு', 'பொறு' என்று அவர் திருப்பித் தட்டிக்கொண்டே இருந்தார். என் மேஜையில் தாள் ஏறிக்கொண்டே போனது.

"வாங்கி வையும்மா. போறப்போ போகட்டும்" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"வாங்கிட்டா, போய்ச் சேர்ந்துட்டுன்னு நம்பிருவாங்கல்லா சார்."

வரிசைக் கடைசியில் அருப்புக்கோட்டை அம்மா ஒருத்தர் அழுதுகொண்டு நின்றார். மகளுக்கு நிறைமாதம். பஸ் பேச்சு அவள் காதில் விழுந்தால் என்ன ஆகுமோ என்று பயம். இந்தப் போக்கில் அவர் தந்தி மறுநாள்தான் போகும்.

"கவுண்டரைக் கொஞ்ச நேரம் மூடுவோம் சார்."

"மேல கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

"சொல்லுதேன் சார்."

வாசலுக்கு வந்தேன். "ஊர் ஊராப் பிரிஞ்சு நில்லுங்க. ஊருக்கு ஒரே தந்தி, எல்லார் பேரும் அதுல வரும். யாருக்கு அனுப்புனா எல்லா வீட்டுக்கும் தெரியும்னு நீங்களே சொல்லுங்க."

"எங்களுக்கு டீக்கடை போதும்மா" என்றார் ஒருவர். அழுதவர்கள்கூடச் சிரித்தார்கள்.

அருப்புக்கோட்டைக் கூட்டத்தில்தான் சிக்கல். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் இரண்டு பேர்.

"அவன் பேருக்குக் கீழ எம் பேரு வரக்கூடாது."

"அப்ப நான் மட்டும் கீழயா?"

"அண்ணாச்சி, முதல் பேரு இந்த அம்மாவோடது. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. இல்லன்னா தூத்துக்குடி முந்திரும்."

எந்த வரிசையில் வேண்டுமானாலும் போடச் சொல்லிவிட்டார்கள் இரண்டு பேரும். தந்தி போனது.

சாயங்காலத்துக்குள் மேஜை காலி. அருப்புக்கோட்டையிலிருந்து, மகள் நலம், சேதி கிடைத்தது என்று பதிலும் வந்தது. வாசிக்கத் தெரியாத அந்த அம்மா அதை என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

வேகமாகத் தந்தி அடிப்பேன் என்று எனக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு. ஆனாலும் என் வேலையை நினைத்து நான் ரொம்பப் பெருமைப்படுவது, தட்டுவதை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான்.