பத்து முறை வரையச் சொன்ன படம்

பாகலூர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவிக்கு நான் செய்தது இன்னும் உறுத்துகிறது.

அன்று குழிலென்ஸ் பாடம். கரும்பலகையில் ஒரு பொருளை வரைந்து, அதன் உச்சியிலிருந்து அச்சுக்கு இணையாக ஒரு கதிரை லென்ஸ் வரை இழுத்தேன். லென்ஸைத் தாண்டியதும் அது மேல்நோக்கி விலகிப் போகும். அதைப் புள்ளிக்கோட்டால் பின்பக்கம் நீட்டினால், பொருள் இருக்கும் பக்கத்துக் குவியத்துக்கு வந்து சேரும். லென்ஸின் நடுவே வளையாமல் செல்லும் இன்னொரு கதிரை அந்தப் புள்ளிக்கோடு வெட்டும் இடத்தில்தான் சிறிய, நேரான மாயபிம்பம்; அதையும் புள்ளிகளால்தான் வரைந்தேன்.

அவள் நோட்டில் இரண்டு கதிர்களும் சரியாக விரிந்திருந்தன. புள்ளிக்கோடு இல்லை. பிம்பமும் இல்லை.

"பிம்பம் எங்கடி?"

"ரெண்டு கோடும் சேரவே இல்லையே மிஸ்."

வகுப்பு சிரித்தது. எதிர்த்துப் பேசுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சாப்பாட்டு பெல் அடிச்சாலும் போகாத. போர்டப் பாத்துப் பத்து தடவ வரைஞ்சு காட்டு" என்றேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்து திரும்பினேன். ஸ்கேல் வைத்துச் சுத்தமாகப் பத்து படம். ஒன்றில்கூடப் புள்ளிக்கோடு இல்லை. கையைப் பிடித்துப் பலகைக்கு இழுத்துப் போனேன். மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து, விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தப் புள்ளியெல்லாம் காலைலருந்தே இருந்துச்சா மிஸ்?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அதுவரை பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் எழுதி வந்திருக்கிறாள். அந்தப் பெண் அன்று லீவு. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "நாளைலருந்து முன்னாடி உக்காரு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் அம்மாவை வரச் சொன்னேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை; ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தார்.

"தெரியும் மிஸ். கண்ணாடி மட்டும் போடச் சொல்லாதீங்க. எம் பெரிய பொண்ணக் கம்பெனில கண்ணு டெஸ்ட் பண்ணித் திருப்பி அனுப்பிட்டாங்க. இவ கண்ணாடியோட போய் நின்னா கேட்டுலயே அனுப்பிடுவாங்க."

"போடலன்னாலும் டெஸ்ட்ல தெரிஞ்சிடுமேம்மா."

"அது வரைக்குமாவது யாருக்கும் தெரியாம இருக்கட்டுமே."

நான் விடவில்லை. பள்ளிக்கு வந்த கண் முகாமில் அவளுக்கு இலவசக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடி போட்ட முதல் நாள் பாடத்தைக் கவனிக்காமல் ஜன்னல் வழியே மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை.

பிளஸ் டூ முடித்து ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாள். நுண்ணிய பாகங்களைப் பொருத்தும் வேலை. கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சந்தையில் எதிர்ப்பட்ட அவள் அம்மா, "நான் அப்பவே சொன்னேன் மிஸ்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை கிடைக்காதது கண்ணாடியால் இல்லை என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் பஸ்ஸில் அவளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பசுமைக் குடிலில் ரோஜாவைக் காம்பு நீளம் பார்த்துத் தரம் பிரிக்கிறாளாம். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அன்னிக்கு உன்னச் சாப்பிட விடாதது என் தப்புமா."

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் காலைலயும் சாப்பிடாமதான் வந்திருந்தேன் மிஸ்" என்றாள்.

அவள் நிறுத்தம் வந்தது. "வர்றேன் மிஸ்" என்று சொல்லி இறங்கிப் போனாள்.