ஜொண்டுகெரெ வீட்டின் ஏழு படிகள்

மாமா கட்டிய வீட்டுக்கு ஏழு படிகள். அந்தத் தெருவில் மற்ற வீடுகளுக்கெல்லாம் இரண்டே படிதான். எதற்கு இவ்வளவு உயரம் என்று கேட்டவர்களிடம், "பாக்க கெத்தா இருக்கும்ல" என்பார். எனக்கு அந்தப் பதிலே போதும். ஏழாவது படியிலிருந்து குதிக்கலாமே.

நாங்கள் இருந்தது காக்ஸ் டவுனில். ஊரின் மறுகோடியில் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிய மாமா, அதற்கும் அப்பால் ஜொண்டுகெரெயில் மனை வாங்கியிருந்தார். அத்தையின் பிறந்த வீட்டு வளையல்கள் அத்தனையும் அந்தச் சுவர்களுக்குள் போயிருந்தன. கிரகப்பிரவேசத்துக்கு நான் வீட்டுப்பாடத்தோடு போனேன். ஏதாவது ஓர் இடத்துக்குப் பெயர் வந்த கதையை விசாரித்து எழுத வேண்டும். வகுப்பே காக்ஸ் டவுனைப் பற்றித்தான் எழுதும் என்பதால், நான் மேதாவியாக ஜொண்டுகெரெயைப் பிடித்துக்கொண்டேன்.

பால் கொண்டுவந்த உள்ளூர்ப் பெண்ணிடம் கன்னடத்தில் கேட்டேன். கெரெ என்றால் ஏரி என்பது எனக்கே தெரியும். ஜொண்டு என்றால் கோரை என்றாள் அவள். ஆள் உயரத்துக்குக் கோரை நின்ற ஏரி எங்கே என்று கேட்டதற்கு, நாங்கள் நின்ற தரையையே காட்டினாள்.

அதை நோட்டில் எழுதி, பந்தியில் எல்லோர் முன்பும் உரக்க வாசித்தேன். சாம்பார் வாளியோடு வந்த அத்தை அப்படியே நின்றுவிட்டாள்.

மாமா சிரித்தபடி நோட்டை வாங்கிப் பார்த்தார். "அந்தம்மா தப்பா சொல்லிருக்காங்க கண்ணு. ஏரி ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. இது அதுக்குப் போற வழி, அதான் இந்தப் பேரு. அப்படியே எழுதிக்கோ." சொன்னது என்னிடம், பார்த்தது அத்தையை.

"நெஜமாவா?" என்றாள் அத்தை.

"பின்ன, தெரியாமயா வாங்குவேன்?"

அத்தை சாம்பார் ஊற்றத் தொடங்கினாள். நான் ரப்பரால் அழித்துவிட்டு மாமா சொன்னதை எழுதினேன். டீச்சர் நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார்.

தசரா லீவுக்கு அங்கே போயிருந்தபோது இரண்டு நாள் விடாத மழை. தெருவில் எல்லா வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டது. மாமா வீட்டில் மட்டும் ஐந்தாவது படியோடு நின்றது. அத்தை வாசலில் நின்று, மிச்சமிருந்த இரண்டு படிகளை வெகுநேரம் பார்த்தாள்.

"கெத்துக்காகத்தான் கட்டினீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மாமா உள்ளே போய்விட்டார். அத்தை அழுதாள். எல்லோர் வீடும் நனைந்து, நம் வீடு மட்டும் நனையாமல் இருக்கும்போது எதற்கு அழுகை என்று எனக்கு விளங்கவில்லை. பாவமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மாமாவை நினைத்துப் பெருமைப்பட்டபடி சமாதானம் சொன்னேன்.

"மாமாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு பாருங்க, அத்தை."