சுண்டுவிரலும் மோட்டார் கொட்டகையும்

மேல்மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பெண் நேற்று மாலை எலக்ட்ரிக் கிடார் வாசித்துக்கொண்டிருந்தாள். தரையில் ஒரு சின்னப் பெட்டி. அதைக் காலால் மிதித்தால் போதும், அதுவரை தெளிவாக ஒலித்த கம்பிகள் ரம்பம் மரம் அறுப்பதுபோலக் கர்ரென்று உறுமுகின்றன. "இந்தச் சத்தத்துக்குன்னே வாங்கினது அங்கிள்" என்றாள் பெருமையாக. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே உறுமலை ஒழிக்க முடியாமல் நான் ஒரு மேடையில் விழித்ததையும், அதனால் ஒரு கூலி ஒப்பந்தமே முறியப் பார்த்ததையும் அவளிடம் எங்கே சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது கீழ்வேளூர்ப் பக்கம் ஓர் உரக் கிடங்கில் எழுத்தராக இருந்தேன். யூரியா வாடை சட்டையை விட்டுப் போகாது. அந்தச் சட்டையோடுதான் மேடையேறுவேன். எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் கிடார். பினாங்கிலிருந்து திரும்பிய நாகூர்க்காரர் ஒருவர் கொண்டுவந்த சிவப்புக் கிடார். அதைத் தோளில் மாட்டியதும் என் உயரம் நாலு விரற்கடை கூடிவிடுவதாக எனக்கு ஓர் எண்ணம். பாடுவது சாந்தா அக்கா. தையல் டீச்சர், ஒரு தையல் தப்பினாலும் கண்டுபிடிக்கிற கண். மைக் செட் கோவிந்தராசு அண்ணனுடையது. அவருடைய தமையன் விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர். அன்றைக்கு அந்த உறவே வினையாயிற்று.

கழக ஆட்சி வந்து, நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு என்று சட்டங்கள் வந்துகொண்டிருந்த காலம். சட்டம் தாலுகா ஆபீஸ் வரைக்கும் வந்துவிடும். வயலில் இறங்கத்தான் தயங்கும். பக்கத்துக் கிராமத்து மிராசுதாருக்கும் சங்கத்துக்கும் அறுவடைக் கூலி விஷயத்தில் இரண்டு போகமாகத் தகராறு. மண்டை உடைந்திருக்கிறது. முற்றிய கதிர் அறுக்க ஆளில்லாமல் வயலிலேயே கொட்டியிருக்கிறது. கடைசியில் இரு தரப்பும் இறங்கிவந்து, மிராசுதார் மகளின் கல்யாண வரவேற்பன்றே, அதே பந்தலில், நாலு மணிக்குத் தாசில்தார் முன்னிலையில் கையெழுத்துப் போடுவதென்று முடிவானது. இரண்டு மணிக்கு எங்கள் கச்சேரி. மேற்கே உறவுக்காரர்கள் நாற்காலியில், கிழக்கே சங்கத்தார் ஜமுக்காளத்தில். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகுமளவுக்கு இடைவெளி.

முதல் பாட்டுக்குக் கம்பியைத் தட்டினேன். கர்ர்ர்.

மறுபடி தட்டினேன். கர்ர்ர். மணப்பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

மிராசுதாருக்காக வயல் வேலைகளைக் கவனித்துவந்த ஏஜண்டு மேடைக்குத் தாவினார். "அப்பவே சொன்னேன், சங்கத்துக்காரன் மைக் செட்டு வேணாம்னு. வேணும்னே கெடுக்கிறான்யா!" என்று கோவிந்தராசு அண்ணனின் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஜமுக்காளத்திலிருந்து இருபது பேர் எழுந்தார்கள். மேற்கே நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"கைய விடுங்க. என்ன கோளாறுன்னு பாத்துச் சொல்றேன்" என்றார் அண்ணன்.

"பாத்துட்டுச் சொல்லு. அப்பறம் விடறேன்."

ஒற்றைக் கையாலேயே அண்ணன் சோதித்தார். சாந்தா அக்காவைப் பாடச் சொன்னார். அதே குழாய் ஸ்பீக்கரில் குரல் சுத்தமாக வந்தது. கிடாரின் ஒயரை மாற்றினார், கர்ர். ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் குறைத்தார். உறுமல் சின்னதாயிற்றே தவிர, உறுமலாகவே இருந்தது. "வெளியில போற சத்தத்துல இல்ல, உள்ள வர்ற சத்தத்துலதான் கோளாறு" என்று முணுமுணுத்தபடி என்னைப் பார்த்தார்.

எனக்குச் சுரீரென்று உறைத்தது. எங்கள் அக்கார்டியன்காரரை அமுக்கிவிட வேண்டும் என்ற ஆசையில், முந்தின நாள் நான் ஒரு வேலை செய்திருந்தேன். கம்பிகளுக்கு அடியில், அவற்றின் அதிர்வை வாங்கி அனுப்புகிற காந்தக் கட்டையை ஸ்க்ரூ டிரைவரால் திருகித் திருகிக் கம்பியைத் தொடுமளவுக்கு உயர்த்தி வைத்திருந்தேன். மைக்கின் மெல்லிய ஒலிக்கென்று இருக்கிற வழியில் அவ்வளவு பெரிய சத்தத்தைத் திணித்தால், வாசலிலேயே நசுங்கித்தானே உள்ளே போகும்? கிடாரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் பாதியாகக் குறைத்துத் தட்டினேன். பளிங்கு! பந்தலில் இருந்த கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாம். வாய் வேறு சொல்லிற்று: "லோ வோல்டேஜுங்க. பக்கத்துல பம்ப்செட் ஓடுதுல்ல, அதான்."

மோட்டாரை நிறுத்தியும் ஓட்டியும் பார்க்க ஏஜண்டு மோட்டார் கொட்டகைக்கு ஆள் அனுப்பினார். மோட்டார் ஓடினால் அவன் துண்டை வீச வேண்டும். நின்றால் சும்மா நிற்க வேண்டும். சும்மா நின்றான்; சுண்டுவிரலால் குமிழைக் குறைத்து வாசித்தேன், தெளிவு. வீசினான்; கூட்டினேன், கர்ர். இப்படி மூன்று தடவை. "நம்ம மோட்டாருதானா?" என்று மிராசுதாரே வருத்தப்பட்டார். நான் விஞ்ஞானிபோலத் தலையாட்டினேன்.

நாலாவது தடவை அவன் துண்டை வெறிபிடித்தவன்போல வீசினான். நானும் விட்டுக்கொடுக்காமல் கர்ர்ர் என்று உறுமவிட்டேன். மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மோட்டாரு ஓடலைங்க! ஃபியூஸ் போயிடுச்சு. அதச் சொல்லத்தான் வீசினேன்."

சாந்தா அக்கா மைக்கில் நிதானமாகச் சொன்னார்: "எல்லாரும் தம்பியோட சுண்டுவெரலப் பாருங்க."

பார்த்தார்கள். விரல் குமிழின்மேல்தான் இருந்தது. ஜமுக்காளத்தில் ஒரு பெண் முதலில் சிரித்தாள். அப்புறம் நாற்காலிகள் சிரித்தன. மிராசுதார் தொந்தி குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏஜண்டு கையை விட்டார். நான் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் குனிந்து உட்கார்ந்து திருகாணிகளை இறக்கினேன். அப்புறம் கிடார் சமர்த்தாகப் பாடியது. தாசில்தார் வந்தபோது இரு தரப்பும் இன்னும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கையெழுத்தாகிவிட்டது.

ஒயரைச் சுருட்டும்போது அண்ணன் பக்கத்தில் போய், "எப்படியோ சமாளிச்சிட்டோம்ணே" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "மொதல் தடவ மோட்டார நிறுத்தறதுக்கு முன்னாடியே ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்ணே."

"அதுக்கப்பறமும் மூணு தடவ ஓடி நிக்கிற வரைக்கும் என் கை அந்தாளு கையில இருந்துச்சு தம்பி."

சுருட்டிய ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்து, பிறகு ஒருநாள் உரக் கிடங்குக்கு வந்து டீ வாங்கிக் கொடுத்தார். மன்னித்ததாகச் சொல்லவில்லை, சர்க்கரை கூடுதலாகப் போடச் சொன்னார்.

அண்ணன் இப்போது இல்லை. அந்த ஒப்பந்தம் சில போகம் தாக்குப்பிடித்தது. அப்புறம் அறுவடை இயந்திரம் வந்து, கூலி பேச வேண்டிய அவசியத்தையே அறுத்துக்கொண்டு போயிற்று. ஜமுக்காளத்தில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். மிராசுதார் குடும்பம் நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டது. சென்ற அறுவடைக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். ஓர் இயந்திரம், அதற்குள் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு ஒரே ஓட்டுநர். வயல் முடிகிற இடம் வரைக்கும் வேறு மனிதர் இல்லை; எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போடக்கூட அங்கே இரண்டு தரப்பு இல்லை.